சத்தீஸ்கர் "இந்தி மாநிலம்" தானா?

பிலாய்ப்பொண்ணு (இழையைத் தொடங்கியவர்)

நேற்று ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா ஒருவர் என்னிடம் "நீ இந்திக்காரங்க ஊர்ல வளந்தவ, உனக்கு என்னம்மா" என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்த இழை.

அப்பா பிலாய் உருக்காலையில் வேலை பார்த்தார். சோவியத் உதவியோடு கட்டிய ஆலை, 1959இல் முதல் ஊது உலை எரிந்தது. அதைச் சுற்றியிருந்த குவார்ட்டர்ஸில் தமிழர், மலையாளி, வங்காளி, தெலுங்கர் எல்லோரும் கலந்திருந்தோம். எங்களுக்குள் பொதுமொழி இந்திதான். ஆனால் வேலி தாண்டினால் வேறு மொழி. பால்காரர், காய்கறி கொண்டுவரும் அம்மா, ரிக்‌ஷாக்காரர் எல்லோரும் பேசியது சத்தீஸ்கரி. "என்ன பண்ற" என்பதற்கு அவர்கள் "கா கரத் ஹஸ்" என்பார்கள். பள்ளியில் யாராவது அப்படிப் பேசிவிட்டால் வகுப்பே சிரிக்கும், டீச்சரும் சேர்ந்து சிரிப்பார். நானும் சிரித்தவள்தான். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 1.62 கோடிப் பேர் தங்கள் தாய்மொழி சத்தீஸ்கரி என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே அப்போது 2.55 கோடி. ஆனால் அட்டவணையைத் திறந்தால் அந்த 1.62 கோடியும் "இந்தி" என்ற தலைப்பின் கீழ்தான் அடங்குகிறது. அப்படியென்றால் பெரியப்பா சொன்னது சரியா?

---

மொழிப்பித்தன்

கணக்குப்படி சரி, மொழிப்படி தப்பு.

சத்தீஸ்கரியின் நெருங்கிய உறவு அவதி, பகேலி என்ற மொழிகள். மூன்றும் "கிழக்கு இந்தி" என்ற கிளை. டெல்லிப் பக்கத்து கடிபோலி என்ற பேச்சுவழக்கை அடிப்படையாக வைத்து வளர்ந்த இன்றைய இந்தி வேறு கிளை. ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன்: பன்மை. இந்தியில் பெயர்ச்சொல்லின் வாலே மாறும், லட்கா லட்கே ஆகும். சத்தீஸ்கரியில் சொல்லை அப்படியே விட்டுவிட்டு "மன்" என்று ஒட்டிவிடுவார்கள். "லைகா" என்றால் பிள்ளை, "லைகா மன்" என்றால் பிள்ளைகள். நம்ம "கள்" மாதிரி ஒரே விகுதியில் வேலை முடிந்தது.

இதற்கு இலக்கணம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹீராலால் காவ்யோபாத்யாய் 1885இலேயே சத்தீஸ்கரி இலக்கணம் எழுதிவிட்டார். அதை 1890இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் மொழியியலாளர் கிரியர்சன்.

இன்னொன்று. சத்தீஸ்கர் என்றால் சத்தீஸ்கரி மட்டும் இல்லை. தெற்கே பஸ்தரில் கோண்டி, தோர்லி, துருவா. வடக்கே சர்குஜா, ஜஷ்பூர் பக்கம் குடுக். இவை எல்லாம் திராவிட மொழிகள். அதே வடக்கில் கோர்வா போன்ற முண்டா மொழிகளும் உண்டு. ஆக இந்தோ ஆரியம், திராவிடம், முண்டா என்று ஒரே மாநிலத்தில் மூன்று மொழிக்குடும்பங்கள்.

---

சும்மா வந்தவன்

திராவிட மொழியா? சத்தீஸ்கர்லயா? ஒரு நாலு வார்த்தை எடுத்து விடுங்க சார்.

---

மொழிப்பித்தன்

கோண்டியில் எண்ணுங்கள்: உண்டி, ரண்ட், மூண்ட், நாலுங், சைய்யுங், சாருங், ஏருங். ஏழு வரைக்கும் நம்ம வீட்டுக் கணக்குதான். அதற்கு மேல் பல இடங்களில் இந்தி எண்கள் புகுந்துவிட்டன. வட்டாரத்துக்கு வட்டாரம் உச்சரிப்பு மாறும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கை என்றால் கை. கண் என்றால் கண். தண்ணீர் "ஏர்". பெரிய என்பதற்கு "பெர்சா". கடவுள் "பேன்". அவர்களின் பெருந்தெய்வம் "பெர்சா பேன்". எனக்குப் பிடித்தது "நார்". கோண்டியில் நார் என்றால் ஊர், நம்ம "நாடு" என்ற சொல்லின் உறவு. பஸ்தர் வரைபடத்தைப் பாருங்கள்: குகாநார், பால்நார் என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும்.

குடுக் இன்னும் விலகிப்போன உறவு. அங்கே சொல்முதல் ககரம் தொண்டையிலிருந்து உரசி வரும், "ஃக" என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் அங்கே "ஃகன்". செவி "ஃகெப்தா". எண்களில் நாலு வரைதான் சொந்தச் சரக்கு, ஐந்திலிருந்து கடன்.

---

சும்மா வந்தவன்

அப்ப அவங்களும் தமிழர்கள்தான்! இத்தனை நாள் தெரியாம இருந்திருக்கோமே. உடம்பு புல்லரிக்குது.

---

கொண்டகாவ் மேலாளர்

புல்லரிப்பைக் கொஞ்சம் நிறுத்துங்கள் தம்பி.

ஒரு வங்கியில் வேலை பார்த்தேன், கொண்டகாவில் மூன்று வருடம். நானும் உங்களைப் போலத்தான் போனேன். மொழிப்பித்தன் சொன்ன இதே பட்டியலை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, கிளைக்கு வந்த ஒரு முரியா (கோண்டுகளில் ஒரு பிரிவு) பெரியவரிடம் "உண்டி, ரண்ட், மூண்ட்" என்று ஆரம்பித்தேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் தன் கடன் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று ஹல்பியில் கேட்டார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை.

அந்த அனுபவத்தில் இரண்டு விஷயம் கற்றேன். ஒன்று, பத்துச் சொல் ஒத்துப்போவதால் ஒரு மொழி புரிந்துவிடாது. கோண்டிக்காரர் தமிழர் இல்லை. அவர் தன்னை "கோயா" அல்லது "கோயிதூர்" என்பார். "கோண்டு" என்பதே வெளியார் வைத்த பெயர். அவர்களைப் போய் "நீங்கள் நாங்கள்தான்" என்றால், அதற்கும் கணக்கெடுப்பில் "நீங்கள் இந்தி" என்று போடுவதற்கும் என்ன வித்தியாசம்?

இரண்டாவது ஹல்பி. அது இந்தோ ஆரிய மொழி. ஒடியா, மராத்தி, சத்தீஸ்கரி மூன்றும் அதில் கலந்து தெரியும். பஸ்தரில் கோண்டி பேசுபவரும் துருவா பேசுபவரும் வாரச்சந்தையில் சந்தித்தால் பேசிக்கொள்வது பெரும்பாலும் ஹல்பியில்தான். அந்தச் சந்தையில் ஒரு மணி நேரம் நின்றாலே தெரியும்: இலைத்தொன்னையில் சிவப்பு எறும்பு (அரைத்துச் சட்னியாக்கினால் அதுதான் சாப்டா), இலுப்பைப்பூ மூட்டை, புளி, ஓரமாக சல்ஃபிக் கள், இவற்றுக்கு நடுவே நாலு மொழி. விலை மட்டும் எல்லோருக்கும் புரியும்.

---

பிலாய்ப்பொண்ணு

மேலாளர் சார், "நீங்கள் நாங்கள்தான்" என்பதும் "நீங்கள் இந்தி" என்பதும் ஒன்று என்றீர்களே, அது சுரீர் என்றது. ஆனால் முழுக்க ஏற்க முடியவில்லை. ஒன்றில் ஆசை இருக்கிறது, இன்னொன்றில் அதிகாரம் இருக்கிறது.

---

கொண்டகாவ் மேலாளர்

ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன்.

---

கல்வெட்டுப்பூச்சி

ஆசை, அதிகாரம் என்ற பேச்சு வந்ததால் ஒரு கல்வெட்டைப் போடுகிறேன்.

போளூர் பக்கம் திருமலையில் முதலாம் ராஜேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சுமார் 1025. கங்கைப் படையெடுப்பில் வென்ற இடங்களின் பட்டியலில் சக்கரக்கோட்டம், மாசுணித்தேசம், கோசலைநாடு எல்லாம் வருகின்றன. சக்கரக்கோட்டம் என்பது பஸ்தர் பகுதி. அங்கே ஆண்ட சிந்தக நாகர்களின் கல்வெட்டுகளிலும் அந்தப் பெயர் உண்டு. கோசலை என்பது ராமாயண அயோத்திப் பக்கத்துக் கோசலம் இல்லை, தட்சிண கோசலம், மகாநதிச் சமவெளி. பிற்பாடு முதலாம் குலோத்துங்கனும் இளவரசனாக இருந்தபோது சக்கரக்கோட்டத்தில் போய்ச் சண்டை போட்டிருக்கிறான்.

ஆகத் தமிழ்நாட்டுக்கும் சத்தீஸ்கருக்கும் கல்லில் எழுதிய தொடர்பு இருக்கிறது. ஆனால் நம்ம ஆள் அங்கே போனது அண்ணன் தம்பி உறவு கொண்டாட அல்ல, அடிக்க.

அந்த நாகர்களின் பார்சூரில் மாமா பாஞ்சா கோயில், பத்தீசா கோயில், ஒரே இடத்தில் இரண்டு பெரிய பிள்ளையார் எல்லாம் பார்க்க வேண்டியவை. இன்னும் பழையது வேண்டும் என்றால் வடக்கே சர்குஜாவில் ராம்கட் மலைக்குப் போங்கள். அங்கே ஜோகிமாரா குகையில் கிறிஸ்துவுக்கு முந்தைய பிராமி எழுத்தில் ஒரு காதல் செய்தி இருக்கிறது. சுதனுகா என்ற தேவதாசியை தேவதின்னன் என்ற ஆள் காதலித்தான், அவ்வளவுதான் விஷயம். அரசன் இல்லை, தானம் இல்லை. எனக்குத் தெரிந்து இவ்வளவு வேலைவெட்டி இல்லாத கல்வெட்டு வேறு கிடையாது, அதனால்தான் பிடிக்கும்.

---

திருச்சி ரசிகன்

எல்லாம் நல்லா இருக்கு. ஆனால் ஒரு நடைமுறைக் கேள்வி. சத்தீஸ்கரியை ஆட்சிமொழி ஆக்கிவிட்டார்கள் என்று படித்தேனே, அப்புறம் என்ன குறை?

---

மொழிப்பித்தன்

2007 நவம்பர் 28 அன்று சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. அந்தத் தேதியை ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். மாநிலப் பாட்டும் சத்தீஸ்கரிதான், நரேந்திர தேவ் வர்மா எழுதியது, 2019இல் அறிவித்தார்கள். ஆனால் அலுவலகக் கோப்பும் கோர்ட்டும் பள்ளிப் பாடமும் பெரும்பாலும் இந்தியிலேயே ஓடுகின்றன. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சத்தீஸ்கரி கிடையாது. 2003 திருத்தத்தில் போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி உள்ளே வந்தன. 1.62 கோடிப் பேர் பேசுவது வெளியே நிற்கிறது. 29 லட்சத்துக்கு மேல் பேசும் கோண்டியும் வெளியேதான்.

---

கொண்டகாவ் மேலாளர்

இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது, ராய்ப்பூரில் உட்கார்ந்தால் அது தெரியாது. பஸ்தர்க்காரருக்கு சத்தீஸ்கரியும் வெளியூர் மொழிதான். சமவெளிக்காரர் பாஷை. "மாநிலத்தின் மொழி சத்தீஸ்கரி" என்று சொன்னவுடனே தந்தேவாடா பையனுக்குப் பள்ளியில் இந்தியோடு இன்னொரு மொழி சேர்கிறது, அவன் வீட்டுக் கோண்டி அப்போதும் வாசலில்தான். மாநில மக்கள்தொகையில் 30 சதவீதத்துக்கு மேல் பழங்குடிகள் என்பதை மறக்கக்கூடாது.

கோண்டியின் பாடு அதைவிட மோசம். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா, தெலங்கானா, ஆந்திரா, ஒடிசா என்று ஆறு மாநிலத்தில் சிதறிக் கிடக்கிறது. எந்த மாநிலத்திலும் பெரும்பான்மை இல்லை. இங்கே தேவநாகரியில் எழுதுவார்கள், தெலுங்குப் பக்கம் தெலுங்கு எழுத்தில். சொந்த எழுத்தே இரண்டு இருக்கிறது. ஒன்று மங்கல் சிங் மசராம் 1918இல் உருவாக்கியது, இன்னொன்று ஆதிலாபாத் குஞ்சாலாவில் பழைய ஏடுகளில் கிடைத்தது. எழுத்துக்குப் பஞ்சமில்லை, ஒரே எழுத்தில் எல்லோரும் படிக்கப் பள்ளிக்கூடம்தான் இல்லை.

---

திருச்சி ரசிகன்

அப்ப எந்த மொழியில் பாடம் நடத்துவது? மூன்று குடும்பம், பத்துப் பதினைந்து மொழி. வாத்தியார் எங்கிருந்து வருவார்? இந்தி பொதுவாக இருப்பது வசதி என்று அங்கிருப்பவர்களே நினைத்தால் நாம் ஏன் இங்கிருந்து கண்ணீர் விட வேண்டும்?

---

பிலாய்ப்பொண்ணு

கண்ணீர் இல்லை ரசிகன் அண்ணா. இந்தி வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை, அந்த ஊரில் எனக்குச் சோறு போட்டதே அதுதான். ஆனால் அங்கிருக்கும் கலை எல்லாம் அந்தந்த மொழிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. இந்தியில் சொன்னால் அது வேறு சாமான் ஆகிவிடுகிறது.

பண்டவானி கேட்டிருக்கிறீர்களா? ஒற்றை ஆள், கையில் மயிற்பீலி கட்டிய தம்புரா, பாரதக் கதை. சின்ன வயதில் தீஜன் பாயை மேடையில் பார்த்தேன். அவர் ஊர் கனியாரி, எங்களுக்குப் பக்கம். பார்தி சமூகத்துப் பெண். பெண்கள் பாடினால் உட்கார்ந்து வேதமதி பாணியில் பாடு என்பது வழக்கம். இவர் ஆண்களைப் போல எழுந்து நின்று காபாலிக் பாணியில் பாடினார். சொந்தச் சமூகமே ஒதுக்கி வைத்தது. 13 வயதில் முதல் கச்சேரி. பிறகு 1987இல் பத்மஸ்ரீ, 2003இல் பத்மபூஷண், 2019இல் பத்மவிபூஷண்.

அந்தத் தம்புரா ஒரு நிமிடம் பீமனின் கதாயுதம், அடுத்த நிமிடம் அர்ஜுனனின் வில், அப்புறம் திரௌபதியின் கூந்தல். பின்னால் உட்கார்ந்திருக்கும் ராகி "ஹவ், ஹவ்" என்று பின்பாட்டுப் போடுவார். நம்ம வில்லுப்பாட்டில் "ஆமா" போடுவாரே, அதே வேலை. என் அம்மா தஞ்சாவூர்க்காரி, இந்தி சரியாக வராது. ஆனால் பண்டவானியில் எல்லோரும் சிரிக்கும் இடத்தில் சரியாகச் சிரிப்பாள்.

---

கூத்துப்பட்டறைப் பக்கத்து வீடு

பண்டவானியில் நாயகன் பீமன். நம்ம வடமாவட்டத்துப் பாரதக் கூத்தில் எல்லாம் திரௌபதியைச் சுற்றித்தான் ஓடும், அவள் அம்மன், தீமிதி அவளுக்கு. ஒரே கதையை எடுத்து ஒரு ஊர் பசித்த பலசாலியைத் தூக்கி வைத்திருக்கிறது, இன்னொரு ஊர் கோபம் கொண்ட பெண்ணை. இதைப் பற்றியே தனி இழை போடலாம்.

நாடக இயக்குநர் ஹபீப் தன்வீரையும் யாராவது சொல்லுங்களேன். ராய்ப்பூரில் பிறந்தவர். நாச்சா என்ற கிராமத்துக் கூத்துக் கலைஞர்களை அப்படியே மேடையேற்றி, அவர்கள் வாய்மொழியிலேயே பேசவிட்டார். முதலில் அந்தக் கலைஞர்களை இந்தி பேசவைத்தபோது நடிப்பு விறைத்துப்போனது, சத்தீஸ்கரிக்கு விட்டபிறகுதான் உயிர் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். பிலாய்ப்பொண்ணு சொல்வதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

---

சும்மா வந்தவன்

நான் தமிழர்னு சொன்னதை வாபஸ் வாங்கிட்டேன் சார். அக்டோபர்ல நாலு நாள் லீவு இருக்கு. பஸ்தர் தசரா 75 நாள்னு போட்டிருக்கே, எந்த நாள் போறது?

---

கொண்டகாவ் மேலாளர்

நல்ல பையன்.

முதலில் ஒன்று: அங்கே ராவணன் எரிய மாட்டான். ராமனே இல்லாத தசரா. தந்தேஸ்வரி அம்மனுக்கு எடுக்கும் விழா. ஆடி அமாவாசையை ஒட்டி வரும் ஹரேலி அன்று ஜகதல்பூரில் தேருக்கான முதல் மரத்துக்குப் பூஜை போடுவார்கள். அங்கிருந்து கணக்கு தொடங்குகிறது. தேர் ஒவ்வொரு வருடமும் புதிதாகச் செய்வது, எந்த ஊர்க்காரர் மரம் வெட்டுவது, எந்த ஊர்க்காரர் தச்சுவேலை, யார் கயிறு திரிப்பது என்று எல்லாம் பரம்பரையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மிர்கான் சாதிச் சிறுமி ஒருத்தி முள் ஊஞ்சலில் ஏறி அருள்வந்து அனுமதி கொடுத்தால்தான் விழா தொடங்கும். ஹல்பா சமூகத்து ஆள் ஒருவர் ஒன்பது நாள் குழியில் அசையாமல் உட்கார்ந்து தவம் இருப்பார்.

நீங்கள் விஜயதசமிக்கு முதல்நாள் போய் இறங்குங்கள். தசமி இரவு தேரை பழங்குடி மக்கள் "திருடி"க்கொண்டு கும்டாகோட் காட்டுக்கு இழுத்துப் போய்விடுவார்கள். மறுநாள் ராஜா அங்கே போய், அவர்களோடு உட்கார்ந்து புது அரிசிச் சோறு சாப்பிட்டு, சமாதானம் பேசி, தேரைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ராஜ குடும்பம் வாரங்கல் காகதீய வழி என்று சொல்லிக்கொள்வது, வெளியிலிருந்து வந்தவர்கள். அந்த மண்ணின் ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை "தேர் எங்களுடையது, கேட்டு வாங்கிக்கொள்" என்கிறார்கள். நான் நின்று பார்த்தேன். கயிற்றைப் பிடித்திருந்த நூற்றுக்கணக்கான பேரில் நாலைந்து மொழிச் சத்தம்.

திரும்பும்போது கொண்டகாவில் இறங்கி டோக்ரா என்ற பித்தளை வார்ப்புப் பொம்மைகள் செய்யும் கட்வா குடும்பங்களைப் பாருங்கள். நம்ம சுவாமிமலை மாதிரி மெழுகு வார்ப்புதான். ஆனால் சுவாமிமலையில் முழு உருவமும் மெழுகு, சிலை உள்ளே கனமாக வரும். இங்கே உள்ளே மண் கரு வைத்து, அதன்மேல் தேன்மெழுகை நூலாக இழுத்துச் சுற்றுவார்கள். மேலே பூசுவது கரையான் புற்று மண். பித்தளை ஊற்றியதும் அந்த மெழுகு நூலின் வரி ஒவ்வொன்றும் உலோகத்தில் அப்படியே நிற்கும். பேரம் பேசாதீர்கள், ஒரு அச்சில் ஒரு பொம்மைதான், உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

---

திருச்சி ரசிகன்

சாப்பாடு? எறும்புச் சட்னி தவிர?

---

பிலாய்ப்பொண்ணு

ரசிகன் அண்ணா, உங்களுக்கு அங்கே பழகிக்கொள்ள எதுவும் இல்லை. போரே பாசி என்றால் நம்ம பழைய சோறு, வெங்காயம் கடித்துக்கொண்டு. 2022இல் அரசாங்கமே மே 1ஐ போரே பாசி நாள் ஆக்கியது, அமைச்சர்கள் எல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டுப் படம் போட்டார்கள். ஐர்சா என்று ஒன்று, அரிசிமாவும் வெல்லமும், கண்ணை மூடிக் கடித்தால் அதிரசம். ஃபரா நம்ம பிடிகொழுக்கட்டையை விரல்போல நீட்டிய மாதிரி.

மார்கழி, தை வாக்கில் வரும் பௌஷ மாதப் பௌர்ணமியில் சேர்சேரா வரும். நெல் வீடு வந்து சேர்ந்த சமயம். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாக "சேர்சேரா, கோட்டீ கே தான் ல ஹேர்ஹேரா" என்று கத்துவோம். குதிரில் இருக்கும் நெல்லை அள்ளிப் போடு என்று அர்த்தம். பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை எல்லோரும் போகவேண்டும், அன்றைக்குக் கேட்பது இழிவு இல்லை. குவார்ட்டர்ஸில் நெல் ஏது, எங்கள் பைக்கு பிஸ்கட் விழும்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது போஜலி. ஆவணியை ஒட்டி, கூடையில் மண் போட்டுக் கோதுமை முளைக்க வைப்பார்கள். அப்படியே முளைப்பாரி. ராக்கிக்கு மறுநாள் பாடிக்கொண்டே குளத்துக்குப் போய்க் கரைப்பார்கள். அங்கே இரண்டு பெண்கள் அந்த முளையை எடுத்து ஒருத்தி காதில் மற்றவள் செருகிவிட்டால் அவர்கள் ஆயுளுக்கும் தோழி. சாதி பார்ப்பதில்லை. அதற்குப் பிறகு இரண்டு வீடும் சொந்தம், நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வரவேண்டும்.

என் அம்மாவுக்கு அப்படி ஒரு போஜலி இருந்தாள். காய்கறி கொண்டுவரும் அந்த அம்மாதான். அம்மா சத்தீஸ்கரி கற்றது அவளிடம். அப்பா ரிடையர் ஆகி நாங்கள் கிளம்பிய அன்று அவள் ஸ்டேஷனுக்கு வந்து ஒரு மூட்டை அரிசி கொடுத்தாள்.

---

கூத்துப்பட்டறைப் பக்கத்து வீடு

அந்த அம்மா பேர் என்னங்க? இந்தக் கதையை எங்கள் வீட்டில் சொல்லணும்.

---

பிலாய்ப்பொண்ணு

எனக்கே தெரியவில்லை. இப்போது அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறாள். போஜலி ஆனபிறகு ஒருத்தி பேரை மற்றவள் வாயால் சொல்லக்கூடாதாம். 22 வருஷம் ஆச்சே அம்மா, இங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். "எனக்குத் தெரியும்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.